பங்கும் பள்ளியும்: அமெரிக்கக் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியின் கூட்டு வாழ்வும் செயல்வழிக் கல்வியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி என்பது பெரும்பாலும் ஒரு பங்கின் பள்ளியையே குறித்து வந்துள்ளது. பங்கு என்பது ஓர் ஆலயத்தையும் அதன் பங்குத்தந்தையையும் மையமாகக் கொண்டு, குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களின் தொகுதி. பல பங்குகள் சேர்ந்து ஆயர் ஒருவரின் பொறுப்பிலுள்ள மறைமாவட்டமாக அமைகின்றன. அந்நாட்டு வழக்கில் தொடக்கப்பள்ளி எட்டாம் வகுப்பு வரை நீள்வதால், ஐந்து வயதில் பள்ளிக்குள் நுழையும் குழந்தை பதினான்கு வயது வரை ஒரே வளாகத்தில் பயில்கிறது. எழுத்தறிவு பெறுவதும் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்குவதும் பாடகர் குழுவில் சேர்வதும் தம்பி தங்கையரைக் கைப்பிடித்து அழைத்து வருவதும் அந்த ஒரே இடத்தில்தான். இன்று இப்பள்ளிகள் தங்கள் சிறப்பாக முன்வைப்பவை இரண்டு: கையால் செய்து கற்பது, குடும்பம்போல் கூடி வாழ்வது. இவற்றுள் முதலாவது அண்மைக் காலக் கல்வியியலின் கொடை என்றும் இரண்டாவது பழைய மரபு என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. வரலாற்றை நெருங்கிப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்பதில்லை. இப்பள்ளிகளில் செயல்வழிக் கல்வி கூட்டு வாழ்வுக்குள்ளிருந்தே முளைத்தது. வகுப்பறை அதைப் பின்னரே, அதுவும் தயங்கித் தயங்கியே, ஏற்றுக்கொண்டது.

பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த நியூ ஆர்லியன்ஸில் உர்சுலைன் சகோதரிகள் 1727-இல் வந்திறங்கிப் பெண்களுக்குக் கல்வி தரத் தொடங்கினர். எனினும் பிற்காலப் பங்குப் பள்ளிக்கு முன்மாதிரியாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது மேரிலாந்து மாநிலத்தின் எம்மிட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் எலிசபெத் ஆன் சீட்டன் 1810-இல் தொடங்கிய இலவசப் பள்ளியாகும். நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்து, கணவரை இழந்து, ஐந்து குழந்தைகளுடன் வறுமைக்கு ஆளாகி, 1805-இல் கத்தோலிக்க மறையைத் தழுவிய சீட்டன், 1809-இல் நிறுவிய அன்பின் சகோதரிகள் சபையே அந்நாட்டு மண்ணில் தோன்றிய முதல் பெண் துறவற சபைகளுள் முதன்மையானது. அதே மாநிலத்தின் பால்டிமோர் நகரில் மேரி எலிசபெத் லாங்கே என்னும் கறுப்பினப் பெண்மணி, கறுப்பினச் சிறுமியருக்கென 1828-இல் ஒரு பள்ளியைத் தொடங்கி, அடுத்த ஆண்டே கறுப்பினப் பெண்களுக்கான துறவற சபையையும் உருவாக்கினார். அடிமை முறை சட்டப்படி நிலவிய மாநிலத்தில், எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து எழுந்த முயற்சி அது. சீட்டனின் பெயருக்குக் கிடைத்த வெளிச்சம் லாங்கேயின் பெயருக்கு வெகு காலம் கிடைக்கவில்லை என்பது இவ்வரலாற்றின் குறைகளுள் ஒன்று.

ஆனால் நாடு முழுவதும் பங்குதோறும் பள்ளி என்னும் எண்ணம் வலுத்தது ஒரு மோதலின் விளைவாகத்தான். அக்காலப் பொதுப் பள்ளிகள் சமயச் சார்பற்றவை எனக் கூறிக்கொண்டாலும், அவற்றில் புரொட்டஸ்டண்டு மரபின் ஜேம்ஸ் மன்னர் விவிலியம் நாள்தோறும் வாசிக்கப்பட்டது. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஏழைக் கத்தோலிக்கர்கள் தங்கள் பிள்ளைகள் தங்கள் மரபின் விவிலியத்தையே வாசிக்க அனுமதி கேட்டனர். பிலடெல்பியாவில் ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் இதற்காக 1842-இல் விடுத்த வேண்டுகோள் வதந்திகளாலும் குடியேற்ற எதிர்ப்பாலும் திரிக்கப்பட்டு, 1844-ஆம் ஆண்டுக் கலவரங்களில் உயிர்கள் மாய்ந்தன. புனித மிக்கேல் ஆலயமும் புனித அகுஸ்தினார் ஆலயமும் எரிக்கப்பட்டன. நியூயார்க்கில் ஆயர் ஜான் ஹியூஸ் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் பொதுநிதியில் பங்கு கேட்டு வாதாடித் தோற்றபின், ஆலயத்திற்கு முன்பே பள்ளியைக் கட்டுங்கள் என்று தம் மக்களை ஊக்கினார். 1852-இல் பிலடெல்பியாவின் ஆயராகப் பொறுப்பேற்ற ஜான் நியூமன் தனித்தனியே இயங்கிய பங்குப் பள்ளிகளை மறைமாவட்ட அளவில் ஒருங்கிணைத்தார். இறுதியாக, 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் மூன்றாம் பொதுச் சங்கம், இரண்டு ஆண்டுகளுக்குள் ஒவ்வோர் ஆலயத்தின் அருகிலும் பள்ளி எழவேண்டும் என ஆணையிட்டது. அந்த ஆணை ஒருபோதும் முழுமையாக நிறைவேறவில்லை. கத்தோலிக்கக் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மேல் இப்பள்ளிகளில் எக்காலத்திலும் பயின்றதில்லை. ஆயினும் 1920-இல் 6,500-க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளும் அவற்றில் சுமார் 17.5 லட்சம் மாணவர்களும் இருந்தனர் என்பது, அரசின் நிதியின்றி ஏழைத் தொழிலாளர் எழுப்பிய அமைப்பு என்ற முறையில் வியப்புக்குரியது.

அதை அவர்கள் எழுப்பிய விதமே கவனத்துக்குரியது. புதிய பங்கு பல இடங்களில் முதலில் ஆலயத்தைத் தனியாகக் கட்டவில்லை; ஒரு தளத்தில் வகுப்பறைகளும் மறு தளத்தில் வழிபாட்டுக் கூடமும் கொண்ட ஒரே கட்டடத்தை எழுப்பியது. கடன் அடைந்து வசதி கூடிய பிறகே தனி ஆலயம் வந்தது. அருகில் சகோதரிகளுக்கான மடமும் பங்குத்தந்தையின் இல்லமும் அமைந்தன. செலவுக்கான பணம் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையிலிருந்தும், பெண்கள் சமைத்தும் தைத்தும் நடத்திய விற்பனை விழாக்களிலிருந்தும் வந்தது. ஆசிரியர்கள் பெரும்பாலும் துறவற சகோதரிகள். வறுமை வாக்குறுதி எடுத்திருந்த அவர்கள் ஆண்டுக்குச் சில நூறு டாலர் மட்டுமே பெற்றனர், அதுவும் சபையின் பொதுப்பணமாயிற்று. பள்ளிக் கட்டணம் மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்ததற்கு அவர்களின் உழைப்பே காரணம். இப்பள்ளிகளின் வரலாற்றை ஆயர்களின் ஆணைகளைக் கொண்டு மட்டும் எழுதுவோர் உண்மையில் பள்ளியைத் தாங்கிய கைகளைக் காணத் தவறுகிறார்கள். ஜெர்மானியர், போலந்தியர், இத்தாலியர், லித்துவேனியர் எனத் தனித்தனியே அமைந்த பங்குகளில் பள்ளி தாய்மொழியின் காப்பகமாகவும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிகப் பெரிய பங்குகளுள் ஒன்றாக விளங்கிய சிகாகோவின் புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா பங்கின் பிள்ளைகள் போலிஷ் மொழியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே கற்றனர். விஸ்கான்சின் மாநிலம் 1889-இல் முதன்மைப் பாடங்களை ஆங்கிலத்திலேயே கற்பிக்கவேண்டுமெனச் சட்டம் இயற்றியபோது, ஜெர்மானியக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் ஒன்றுகூடி எதிர்த்து, 1891-இல் அதனை நீக்கச் செய்தனர். பள்ளியின்மீது பெற்றோர் கொண்ட உரிமை உணர்வு அத்தனை ஆழமானது. ஒரிகன் மாநிலம் 1922-இல் எட்டு வயது முதல் பதினாறு வயது வரையான பிள்ளைகள் பொதுப் பள்ளிக்கே செல்லவேண்டும் எனச் சட்டம் கொண்டுவந்தபோது, இயேசு மரியாவின் திருப்பெயர்கள் சபைச் சகோதரிகள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1925-இல் ஒருமனதாக அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

இத்தகைய பள்ளியில் கற்பித்தல் எவ்வாறு நடந்தது என்பது இரண்டு முகம் கொண்ட கேள்வி. வகுப்பறைக்குள் ஆட்சி செலுத்தியது மனப்பாடம். 1885-இல் வெளியான பால்டிமோர் மறைக்கல்வி நூல், கிறிஸ்தவக் கோட்பாடுகளை 421 வினாவிடைகளாக வகுத்து வைத்திருந்தது. பிள்ளைகள் அவற்றைச் சொல் பிசகாமல் ஒப்பிக்கவேண்டும். அறுபது, எழுபது மாணவர்களை ஒரே ஆசிரியை நடத்தவேண்டியிருந்த நிலையில் வேறு வழியும் எளிதாக இல்லை. ஆனால் அதே பிள்ளை வகுப்பறையை விட்டு ஆலயத்திற்குள் சென்றதும் முற்றிலும் வேறொரு முறையில் கற்றது. பீடச்சிறுவன் தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக் கொடுக்கும் நேரத்தைக் கையால் பழகினான். மே மாதத்தில் அன்னை மரியாவின் சுரூபத்திற்கு மலர்முடி சூட்டும் பவனியில் சிறுமியர் தாங்கள் தொடுத்த பூக்களை ஏந்தி நடந்தனர். தவக்காலத்தில் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளையும் குழந்தைகள் நடந்தே அறிந்தார்கள். நற்கருணை வாங்குவதற்கு ஏறத்தாழ ஏழு வயதே போதும் என்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910-இல் அறிவித்தபின், புதுநன்மை இரண்டாம் வகுப்பின் பெருநிகழ்வாயிற்று. வெள்ளாடை தைத்த தாய்மாரும் பாட்டுப் பழக்கிய சகோதரியும் விருந்து வைத்த உறவினரும் ஒரே நாளில் ஒரே குழந்தையைச் சுற்றி நின்றதால், அந்த வகுப்பின் பாடத்தை ஊரே சேர்ந்து கற்பித்தது எனலாம்.

இந்த முரணைக் கண்டு அதைக் கல்விக் கோட்பாடாக்கியவர் தாமஸ் எட்வர்ட் ஷீல்ட்ஸ் என்னும் குரு. 1862-இல் மின்னசோட்டாவில் பிறந்த அவர் சிறுவயதில் மந்தபுத்தி உள்ளவர் எனக் கருதப்பட்டுப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டுப் பண்ணை வேலைக்கு அனுப்பப்பட்டார். நிலத்திலுள்ள மரவேர்களை அகழ்ந்தெடுக்கும் இயந்திரம் ஒன்றைத் தாமே அமைத்தபோதுதான் தம் மனத்தின் ஆற்றலில் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. பின்னர்ப் படித்துக் குருவாகி, உயிரியலில் முனைவர் பட்டம் பெற்று, வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறையை வளர்த்தார். மந்தமெனப்பட்ட ஒரு சிறுவன் உருவாவதையும் மீள்வதையும் பேசும் நூலொன்றை 1909-இல் வெளியிட்டார். திருச்சபை தன் திருவழிபாட்டில் ஒளி, நறுமணம், இசை, அசைவு ஆகியவற்றால் நூற்றாண்டுகளாகப் புலன்வழி கற்பித்து வந்திருக்க, அதன் பள்ளிகள் மட்டும் குழந்தைக்குப் பொருள் விளங்காத வரையறைகளை ஒப்பிக்க வைப்பது தன் மரபுக்கே எதிரானது என்பது அவருடைய வாதம். குழந்தை தன் வீட்டிலும் இயற்கையிலும் கண்டறிந்தவற்றிலிருந்து தொடங்கி, பாட்டாலும் நடிப்பாலும் படத்தாலும் சமய உண்மைக்கு வரவேண்டும் என்ற நெறியில் 1908 முதல் அவர் தொடக்கநிலைப் பாடநூல்களை வெளியிட்டார். கற்பிக்கும் சகோதரிகளே முறையான கல்வி பெறாவிட்டால் எதுவும் மாறாது என்பதை உணர்ந்து, 1911-இல் அவர்களுக்கெனத் தனிக் கல்லூரியையும் நிறுவினார். நவீனக் கல்வியியலுக்கு அஞ்சி விலகிய ஒரு சமூகத்திற்கு, அக்கல்வியியலின் சாரம் உன் ஆலயத்திலேயே இருக்கிறது என்று எடுத்துக் காட்டியதே ஷீல்ட்ஸின் பெருமை. அவருடைய தூண்டுதலால் ஜஸ்டின் வார்ட் வகுத்த இசைப் பயிற்சி முறை, எண்களாலும் கையசைவாலும் சிறு குழந்தைகளைச் சுரம் அறியச் செய்தது. 1920-இல் நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்தில் நடந்த கிரகோரியன் இசை மாநாட்டில், ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் இலத்தீன் வழிபாட்டுப் பாடல்களை ஒரே குரலில் பாடியது அதன் கனி.

ஏறத்தாழ இதே காலத்தில் இத்தாலியில் கத்தோலிக்க மருத்துவரான மரிய மாண்டிசோரி வேறு வழியில் இதே இடத்திற்கு வந்து சேர்ந்தார். உரோமையின் சான் லொரன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 1907 ஜனவரி 6 அன்று அவர் திறந்த குழந்தைகள் இல்லத்தில், பிள்ளைகள் தாங்களே தேர்ந்த கருவிகளைக் கொண்டு தாங்களே கற்றனர். பார்சிலோனாவில் 1910-களின் நடுவில் அவருடைய முறையைப் பின்பற்றிய பள்ளியில், குழந்தைகளின் உயரத்திற்கேற்ற இருக்கைகளுடன் ஒரு சிற்றாலயம் அமைந்தது. அப்பத்துக்கான கோதுமையையும் இரசத்துக்கான திராட்சையையும் பிள்ளைகளே பயிரிட்டு வளர்த்தனர். சமயமும் உழவும் கணிதமும் ஒரே பாத்தியில் இணைந்த அந்தத் தோட்டமே கத்தோலிக்கச் செயல்வழிக் கல்வியின் மிகத் தெளிவான வடிவம் எனலாம். தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் ஒரு தொடர்பு உண்டு: 1939-இல் சென்னை அடையாற்றுக்கு ஆசிரியர் பயிற்சி தர வந்த மாண்டிசோரி, உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, அதில் ஒரு பகுதியைக் கோடைக்கானலில் கழித்தார். தமிழகத்தில் செயல்வழிக் கல்வி பற்றிய பேச்சில் அவர் பெயர் இன்றளவும் வருவதற்கு அந்த ஆண்டுகளும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1910-களில் சிறிது காலம் பரவி மறைந்துபோன அவருடைய முறைக்கு மறுவாழ்வு தந்ததும் கத்தோலிக்கப் பெற்றோர் குழுவொன்றே: கனெக்டிகட் மாநிலத்தின் கிரீன்விச்சில் நான்சி மெக்கார்மிக் ராம்புஷ் தலைமையில் 1958-இல் தொடங்கிய விட்பி பள்ளி வழியாக அது மீண்டும் வேர்கொண்டு, 1960-இல் அமெரிக்க மாண்டிசோரிச் சங்கமாக வளர்ந்தது. உரோமையில் சோபியா கவலெத்தியும் ஜானா கோபியும் 1954 முதல் உருவாக்கிய நல்ல மேய்ப்பர் மறைக்கல்வி, சிறு பீடம், சிறு கிண்ணம், ஆடுகளும் மேய்ப்பரும் கொண்ட மரப்பட்டி ஆகியவற்றைக் குழந்தைகளின் கையிலேயே கொடுத்தது. 1970-களிலிருந்து அமெரிக்கப் பங்குகளிலும் அது பரவியுள்ளது.

கூட்டு வாழ்வையே பாடத்திட்டத்தின் மையமாக்கிய முயற்சியும் இடையில் நிகழ்ந்தது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1938-இல் அமைந்த அமெரிக்கக் குடியுரிமைக் குழு, ஷீல்ட்ஸின் மாணவரான ஜார்ஜ் ஜான்சன் என்னும் குருவின் வழிகாட்டுதலில், சகோதரிகள் மேரி ஜோன், மேரி நோனா ஆகியோரின் உழைப்பால், கிறிஸ்தவச் சமூக வாழ்வில் வளர்ச்சி என்னும் நோக்கத்தைக் கொண்ட மூன்று தொகுதிப் பாடத்திட்டத்தை 1944 முதல் வெளியிட்டது. கடவுள், திருச்சபை, அயலார், இயற்கை, தன்னை எனக் குழந்தை கொள்ளவேண்டிய ஐந்து உறவுகளின் அடிப்படையில் எல்லாப் பாடங்களும் அதில் ஒழுங்குபடுத்தப்பட்டன. எட்டு வகுப்புகளுக்கும் உரிய இந்த வரைவு ஏட்டளவில் மிகச் சிறந்தது. ஆனால் போருக்குப் பிந்திய பிறப்புப் பெருக்கத்தால் வகுப்பறைகள் நிரம்பி வழிந்த காலத்தில், இளம் சகோதரிகள் பட்டப்படிப்பு முடிக்குமுன்பே வகுப்புக்கு அனுப்பப்பட்டார்கள். கோடை விடுமுறைகளில் படித்துப் பட்டம் பெற அவர்களுள் பலருக்கு இருபது ஆண்டுகள் ஆயின. 1954-இல் தோன்றிய சகோதரிகள் பயிற்சி மாநாடு இந்த அநீதியைச் சரிசெய்ய முனைந்தது. 1960-களின் நடுவில் தொடக்கப்பள்ளி மாணவர் எண்ணிக்கை சுமார் 45 லட்சத்தை எட்டியது. அந்த உச்சத்தில் பெரும்பகுதி வகுப்பறைகளில் செயல்வழிக் கல்விக்கு இடமே இருக்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும்.

அதன்பின் சரிவு விரைவாக வந்தது. ஆயிரக்கணக்கான சகோதரிகள் துறவறத்தை விட்டு விலகினர், புதியவர்கள் சேரவில்லை. 1920-இல் ஆசிரியர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் துறவறத்தாராக இருந்த நிலை மாறி, இன்று ஏறத்தாழ எல்லா ஆசிரியர்களும் ஊதியம் பெறும் பொதுநிலையினர். கட்டணம் உயர்ந்தது. குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். நகர்ப்புறப் பள்ளிகள் கறுப்பின, ஸ்பானிய மொழிக் குடும்பங்களின் பள்ளிகளாயின. அவர்களுள் கத்தோலிக்கர் அல்லாதவரும் பலர். செயின்ட் லூயிஸ் பேராயர் ஜோசப் ரிட்டர் 1947-இலும் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மல் 1962-இலும் இனப்பிரிவினையைத் தங்கள் பள்ளிகளில் முடிவுக்குக் கொண்டுவந்தபோது, கூட்டு வாழ்வு என்னும் சொல்லில் யார் யார் அடங்குவர் என்ற கேள்வி வெளிப்படையாக எழுந்தது. எதிர்ப்பை முன்னின்று நடத்திய மூவரை ரம்மல் திருச்சபைத் தொடர்பிலிருந்து விலக்கவும் செய்தார். இதனினும் கசப்பான ஒரு பகுதி பூர்வகுடி மக்களுக்கென நடத்தப்பட்ட உறைவிடப் பள்ளிகள். அவற்றில் பிள்ளைகள் தாய்தந்தையரிடமிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரிக்கப்பட்டனர். தொழிற்பயிற்சி என்ற பெயரில் உழைப்பும் வாங்கப்பட்டது. போலந்தியக் குழந்தைக்குத் தன் மொழியைக் காத்துக் கொடுத்த அதே திருச்சபை பூர்வகுடிக் குழந்தைக்கு அதை மறுத்தது. அமெரிக்க ஆயர்கள் 2024 ஜூன் மாதத்தில் இதற்கு மன்னிப்புக் கேட்டனர். கையால் கற்பது சமூகத்தோடு பிணைந்திருக்கும்போது கல்வியாகிறது, சமூகத்திலிருந்து பிடுங்கப்படும்போது வெறும் வேலை வாங்கலாகிறது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

பள்ளிகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் ஆய்வாளர்கள் அவற்றின் கூட்டு வாழ்வை அளவிடத் தொடங்கினர். சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன், தாமஸ் ஹாஃபருடன் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் இடையிலேயே படிப்பை விடுவது குறைவாக இருந்ததற்குப் பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்திருந்த உறவு வலையே காரணம் என்று விளக்கினார்; இத்தகைய உறவுகளால் விளையும் பயனைச் சமூக மூலதனம் என்ற சொல்லால் குறித்தார். நோட்ரடேம் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர்களான மார்கரெட் பிரினிக்கும் நிகோல் கார்னெட்டும் 2014-இல் வெளியிட்ட நூல், சிகாகோவில் பங்குத் தொடக்கப்பள்ளி மூடப்பட்ட பகுதிகளில் பின்னர்ச் சமூக ஒழுங்கின்மை மிகுந்ததையும் அண்டை வீட்டாரிடையே பிணைப்புக் குன்றியதையும் எடுத்துக்காட்டியது. பள்ளியால் பயன்பெற்றவர்கள் அதில் படித்த பிள்ளைகள் மட்டுமல்லர், அதன் வாயிலைக் கடந்து சென்ற எல்லோருமே என்பது இதன் பொருள்.

இன்றைய பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் மழலையர் வகுப்புப் பிள்ளை ஒருவருக்குத் துணையாக நியமிக்கப்பட்டுத் திருப்பலியில் அருகே அமர்வதும், காய்கறித் தோட்டத்தின் விளைச்சல் ஏழைகளுக்கான உணவுக் கிடங்குக்குப் போவதும், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பங்கு மண்டபத்தில் பெற்றோர் மீன் பொரித்துப் பள்ளிக்கு நிதி திரட்டுவதும் பல இடங்களில் காணக்கூடியவை. 1974 முதல் ஜனவரி இறுதியில் கத்தோலிக்கப் பள்ளிகள் வாரம் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. தோட்டமும் துணையும் புதியவை போலத் தோன்றினாலும், பீடச்சிறுவனும் மே மாதப் பவனியும் இருந்த இடத்தில் வளர்ந்தவையே அவை. ஆகவே ஆய்வுக்கூடக் கருவிகளை வாங்கிவிட்டாலே செயல்வழிக் கல்வி வந்துவிடும் என்று எண்ணும் நிர்வாகிகளும், பழைய ஒழுங்கை மீட்டால் கூட்டு வாழ்வு திரும்பிவிடும் என்று நம்பும் பெற்றோரும் ஒரே பிழையின் இரு பாதிகளைச் செய்கிறார்கள். இப்பள்ளிகள் அண்மையில் எதிர்கொண்ட சோதனையும் உண்டு: கொரோனா தொற்றின் முதலாம் ஆண்டில் இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டோ இணைக்கப்பட்டோ போயின; மாணவர் எண்ணிக்கை 6.4 விழுக்காடு குறைந்தது. அடுத்த கல்வியாண்டில் அது 3.8 விழுக்காடு உயர்ந்தது. அந்த உயர்வில் பெரும்பங்கு மழலையர் வகுப்புகளில் சேர்ந்த குழந்தைகளுடையது.